பிறேக் பைப்பை வீட்டில் செய்ய வாங்கிய இரண்டு கருவிகள்: ஒன்றரை ஆண்டுப் பாவனைக்குப் பின்

இந்த மதிப்பீடு, காரின் பிறேக் பைப்பை, அதாவது மிதியின் அமுக்கத்தை ஒயில் மூலம் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் மெல்லிய உலோகக் குழாயை, அளந்து வெட்டி, அதன் வாயை மடித்து விரிப்பதற்கு நான் வாங்கிய இரண்டு கைக்கருவிகளைப் பற்றியது. முதலாவது, யாழ்ப்பாண நகரத்து இரும்புக்கடை ஒன்றில் சிவப்புப் பெட்டிக்குள் கிடந்த, பெயர் எதுவும் பொறிக்கப்படாத மலிவான தொகுதி. இரண்டாவது, கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் பொதியாக வந்த, வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்கிப் பிடியில்) பூட்டிப் பாவிக்கும் கனமான கருவி. அதன் விலை முதலாவதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. என்னுடைய கொறோலா வகனுக்கு நான்கு பைப்புகளும், அயலவர் ஒருவரின் மொறிஸ் மைனருக்கு இரண்டு பைப்புகளும், பயிற்சிக்காக வெட்டி எறிந்த துண்டுகள் பலவும் இவற்றில் உருவாகின. எதை வாங்கலாம் என்று சொல்லுமுன், ஏன் இவற்றை வாங்க நேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏனெனில் வேலையைக் கராச்சிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருக்க விரும்பியவன்தான் நானும்.

நான் வேலைக்காக நாள்தோறும் பண்ணைப் பாலத்தைக் கடந்து ஊர்காவற்றுறைக்குப் போய் வருபவன். சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கடல்நீர் துமியாகப் பறந்து வந்து காரின் அடிப்பாகம் முழுவதிலும் படிகிறது. மேலே தெரியும் தகரத்தை நாங்கள் கழுவித் துடைக்கிறோம். அடியில் ஓடும் பைப்பை எவரும் கழுவுவதில்லை. உருக்குப் பைப்பின் மேற்பூச்சு, கிளிப் பிடித்திருக்கும் இடத்தில்தான் முதலில் உரசிப் போகிறது. அதே கிளிப்புக்குள் சேறும் உப்பும் ஈரமும் தங்கி நிற்கின்றன. என்னுடைய வாகனம் கே.ஈ.72 வகை டொயோட்டா கொறோலா. 1983ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. அதன் பின் அச்சின் மேல் இடமிருந்து வலமாக ஓடும் பைப்பில், கிளிப்பைக் கழற்றியபோது, பென்சிலின் சீவல் போலத் துரு உதிர்ந்தது. வருமான உத்தரவுப் பத்திரம் எடுக்கும்போது காருக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்களே தவிர, பிறேக் பைப்பை எவரும் குனிந்து பார்ப்பதில்லை. ஆகையால் அதைப் பார்க்கும் பொறுப்பு முழுவதும் உரிமையாளரிடமே விடப்பட்டிருக்கிறது.

முதல் முறை அந்தப் பைப்பைத் திருத்தகம் ஒன்றில்தான் மாற்றினேன். அங்கே குளிர்சாதனப் பெட்டிக்குப் பாவிக்கும் செப்புக் குழாயை வெட்டி, வாயை ஒரே மடிப்பாக விரித்து, பழைய நட்டுகளைப் போட்டு அரை மணித்தியாலத்தில் முடித்துத் தந்தார்கள். ஏழாம் மாதம், விரித்த வாயின் விளிம்பில் மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று வந்து, பின் சில்லின் உட்புறம் ஈரமாகத் தொடங்கியது. அந்தத் திருத்தகத்தை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. போர்க்காலத்தில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்தபோது, பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய ஊர் இது. அப்போது கையில் கிடைத்த குழாயே பிறேக் பைப் ஆனது; வேறு வழியும் இருக்கவில்லை. தெற்கோடு எங்களை இணைக்கும் ஏ-9 வீதி திறந்து ஆண்டுகள் பல கடந்த பிறகும் அந்தப் பழக்கம் மாறாமல் இருப்பதுதான் குறை. தூய செப்பு மென்மையானது; அதனால் விரிப்பதற்கு இலகுவானது. ஆனால் தொடர்ந்து அதிரும்போது அது இறுகி, இறுகிய இடத்தில் களைத்து வெடிக்கிறது. பிறேக் பைப்புக்குத் தூய செப்பு ஆகாது என்று பல நாடுகளில் விலக்கி வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

பைப்பின் வாய் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு போதும். கார் ரயரினுள் இருக்கும் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 30 இறாத்தல் அளவுதான். பிறேக்கைக் கடுமையாக மிதிக்கும்போது பைப்பினுள் அது ஆயிரம் இறாத்தலைத் தாண்டுகிறது. அவ்வளவையும் தாங்கி நிற்பது, நட்டின் முனை நெருக்கிப் பிடிக்கும், ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமான அகலமுள்ள உலோக வளையம் மட்டுமே. அங்கே வோஷரும் இல்லை, இறப்பரும் இல்லை, ரேப் சுற்றவும் கூடாது. இதனால்தான் ஜப்பானிய வாகனங்களில் பெரும்பாலும் வாயின் விளிம்பை முதலில் உட்புறமாக மடித்து, பின் 45 பாகைச் சாய்வில் விரித்து, இரண்டு தடிப்புள்ள உலோகமாக ஆக்குகிறார்கள். இதுவே இரட்டை ஃபிளேர். பல ஐரோப்பிய வாகனங்களில் வாய் குமிழ் போல வெளித்தள்ளி நிற்கும். அது வேறு வகை. ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்டினால் நட்டு இறுகும், ஒயிலும் கசியும். தண்ணீர்க் குழாய்க்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் போதுமான ஒற்றை விரிப்பு, இந்த இடத்துக்கு எந்த வகையிலும் பொருந்தாது.

இனி முதலாவது கருவி. சிவப்புப் பெட்டிக்குள், நடுவே பிளந்த இரண்டு உருக்குச் சட்டங்கள், அவற்றில் 3/16 முதல் 1/2 அங்குலம் வரையான துளைகள், சட்டத்தின் மேல் கொழுவும் கூம்பு முனைத் திருகு, ஐந்து சிறு அச்சுகள், விரலளவான ஒரு பைப் வெட்டி ஆகியன இருந்தன. கார்களுக்கு வேண்டியது பெரும்பாலும் 3/16 அங்குலத் துளை மட்டுமே, அதாவது 4.75 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள பைப். செய்முறை எளிது. பைப்பைச் சட்டங்களுக்கிடையே வைத்து, அச்சின் படி எவ்வளவு உயரமோ அவ்வளவு வெளியே நீட்டி விட்டு இறுக்க வேண்டும். அச்சின் ஊசியைப் பைப்பின் வாய்க்குள் நுழைத்து, திருகை இறக்கினால் வாய் குமிழாகப் புடைக்கும். பிறகு அச்சை எடுத்துவிட்டு, கூம்பு முனையை நேரே இறக்கினால் குமிழ் உட்புறமாக மடிந்து இரட்டையாக அமரும். எளிது என்று எழுதிவிட்டேன். இரண்டு வார மாலைகள் இதிலேயே கழிந்தன.

குறைகளில் முதலாவதும் பெரியதும் சட்டத்தின் பிடி. இறக்கை நட்டை விரலால் எவ்வளவு இறுக்கினாலும், அச்சு அமுக்கும்போது பைப் கீழே நழுவிவிடுகிறது. ஒரு மில்லிமீற்றர் நழுவினாலே மடிப்புக்கு வேண்டிய உலோகம் குறைந்து, வாய் ஒற்றை விரிப்பாகவே முடிகிறது. நட்டைக் குறடால் பிடித்து இறுக்கிய பிறகுதான் பிடி நின்றது. அப்படி இறுக்கியதில் பைப்பின் வெளிப்புறத்தில் சட்டத்தின் பல்லடையாளம் ஆழமாகப் பதிந்தது. இரண்டாவது குறை, திருகு நடுவில் இறங்குவதில்லை. சட்டத்தின் மேல் அதை எங்கே கொழுவுவது என்பதற்கு அடையாளம் எதுவும் இல்லாததால் கண்ணளவில்தான் நிறுத்த வேண்டும். சற்று விலகினாலும் வாய் ஒரு பக்கம் அகன்றும் மறு பக்கம் ஒடுங்கியும் வரும். மூன்றாவதாக, கூம்பின் மேற்பரப்பு கடைசல் கோடுகளுடன் கரடாக இருந்தது. அதை மெல்லிய எமரிக் கடதாசியால் அரை மணித்தியாலம் தேய்த்து, ஒவ்வொரு முறையும் ஒரு சொட்டு பிறேக் ஒயில் தடவிய பிறகு உலோகம் கிழிபடாமல் வழுக்கி விரிந்தது. 3/16 அச்சின் ஊசி பன்னிரண்டாவது முயற்சியில் வளைந்தது, நிமிர்த்தியபோது முறிந்தது.

கூடவே வந்த வெட்டியைப் பற்றி ஒரு வரி போதும்: அதன் தகடு நேரே சுற்றாததால், வெட்டு வட்டமாக மூடாமல், திருகாணியின் புரி போல பைப்பில் ஏறிக்கொண்டே போனது. அதை ஒதுக்கிவிட்டு வேறொரு வெட்டியைத் தனியே வாங்கினேன்.

கருவியின் தரத்தைவிட அதிகமாக என் முடிவுகளை மாற்றியது, அந்த வெட்டுக்கும் விரிப்புக்கும் இடையே செய்கிற வேலைதான். உலோக வாளால் பைப்பை வெட்டினால் வாய் சரிந்தும் சிராய்கள் உள்ளே விழுந்தும் போகும்; வெட்டியால் வெட்டினால் வாய் நேராக வரும், ஆனால் தகட்டின் அழுத்தத்தால் விளிம்பு உட்புறமாகச் சுருங்கி நிற்கும். அந்தச் சுருக்கத்தை முக்கோண முனையுள்ள சுரண்டியால் எடுத்து, வாயின் நுனியை அரத்தால் சமமாக்கி, வெளிவிளிம்பையும் மெல்லியதாகச் சரித்துவிட வேண்டும். இதைச் செய்யும்போது வாய் நிலத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் சீவல் பைப்பினுள் போகாது. பிசிர் ஒன்று மிஞ்சியிருந்தால், மடிப்பு அந்த இடத்திலிருந்தே வெடிக்கிறது. மாறாக, ஆர்வம் மிகுந்து அதிகமாகச் சுரண்டினால் விளிம்பு கத்தி போல மெலிந்து, மடியும்போது சுருங்கி நெளிகிறது. முதல் கிழமையில் நான் கருவியைத் திட்டிய பத்துத் தடவைகளில் ஐந்து, உண்மையில் என்னுடைய அரத்துக்குச் சேர வேண்டியவை.

சிவப்புப் பெட்டியைப் பற்றிய தீர்ப்பைப் பைப்பின் உலோகத்தோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும். உருக்குப் பைப்பில் பத்து முறை முயன்று இரண்டுதான் தேறின. அந்த இரண்டையும்கூட என் காரில் பூட்ட எனக்கு மனம் வரவில்லை. செப்பு-நிக்கல் கலப்புலோகப் பைப்பில், கூம்பைத் தேய்த்து நட்டைக் குறடால் இறுக்கிய பிறகு, பத்தில் ஆறு நன்றாக வந்தன. தவணை முறையில் கற்றுக்கொள்வதற்கு அது போதும். பைப் ஒன்று மட்டுமே செய்ய வேண்டியவர், பொறுமையும் மேலதிகமாக ஒரு மீற்றர் பைப்பும் வைத்திருந்தால், அதைக்கொண்டு ஒப்பேற்றிவிடலாம்.

இரண்டாவது கருவி வந்த நாளில், பொதியைத் தூக்கிப் பார்த்த என் மாமனார், "உதென்ன தம்பி, அம்மிக்குழவியோ?" என்று கேட்டார். பாரம் அப்படித்தான். கையளவான உருக்கு உடல். அதை வைஸில் பூட்ட வேண்டும். உடலுக்குள் 4.75 மில்லிமீற்றருக்கென்று நடுவே பிளந்த கட்டைச் சோடி ஒன்று அமர்கிறது. அதை மேலிருந்து ஒரு தடித்த போல்ட் நெருக்குகிறது. முன்புறத்துத் திருகில் முதலாம் படிக்கு ஓர் அச்சு, இரண்டாம் படிக்கு ஓர் அச்சு, எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பைப் எவ்வளவு நீட்டி நிற்க வேண்டும் என்பதை முதல் அச்சின் மறுபக்கத்தைக் கட்டையின் முகத்தில் முட்டவைத்தே அளந்துகொள்ளலாம். அச்சு நேர்கோட்டில் மட்டுமே நகர முடிவதால் வாய் ஒரு பக்கம் சரிவதற்கு வழியே இல்லை. முதற்படியில் அச்சு கட்டையின் முகத்தில் முட்டியதும் ஸ்பனரில் அது தெளிவாகத் தெரிகிறது. "இன்னும் ஒரு சுற்றுத் திருப்பிப் பார்ப்போமா" என்ற தடுமாற்றம் அங்கே எழுவதில்லை. இருபது முயற்சிகளில் பத்தொன்பது, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோதும் குறையில்லாமல் இருந்தன. இருபதாவது, அழகாக விரிந்து, இருபுறமும் ஒப்பாக அமைந்து, ஆனால் நட்டைப் போட மறந்துவிட்ட பைப். மறுமுனையும் ஏற்கெனவே விரிந்திருந்ததால் அதை வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. இந்த வேலையில் எவரும் ஒருமுறையாவது செய்தே தீரும் தவறு இது, இப்போது ஒவ்வொரு முறையும் திருகைத் தொடுமுன் என் மகன் விறாந்தையிலிருந்தே "அப்பா, நட்டுப் போட்டிட்டீங்களோ?" என்று குரல் கொடுக்கிறான்.

இக்கருவியிலும் குறைகள் உள்ளன. காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, பழைய பைப்பின் நல்ல பகுதியை விட்டு முனையை மட்டும் புதிதாக விரிக்க இதைப் பாவிக்க முடியாது. வைஸ் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேலை. பைப்பின் முனையிலிருந்து ஏறத்தாழ நான்கு சென்ரிமீற்றர் நேராக இருக்க வேண்டும். அதற்குள் வளைவு வந்தால் கட்டை பிடிக்காது. ஆகவே எந்த வளைவை முதலில் வளைப்பது, எந்த முனையை முதலில் விரிப்பது என்பதை முன்கூட்டியே யோசிக்க வேண்டியிருக்கிறது. கட்டையின் பல்லில் ஒயில் பட்டிருந்தால் பைப் நழுவும். அச்சுக்கு ஒயில் வேண்டும், கட்டைக்கு வேண்டாம் என்பதைக் கைகள் பழகிக்கொள்ள நாளெடுக்கும். எங்கள் காற்றுக்கு உருக்கு உடல் ஒரு மாரியிலேயே பொன்னிறத் துரு கண்டது. வேலை முடிந்ததும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைப்பது கட்டாயம். குமிழ் முனைக்கான கட்டை தனியே விற்கப்படுகிறது. பெட்டிக்குள் அது இல்லை என்பதை விற்றவர் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

பைப்பைத் தெரிவு செய்வதில் நான் செலவிட்ட நேரம் வீணாகவில்லை. கடைகளில் "செப்புப் பைப்" என்று எடுத்துத் தருவது மூன்றில் ஒன்றாக இருக்கலாம்: தூய செப்பு, செப்புப் பூசிய உருக்கு, அல்லது செப்பும் நிக்கலும் கலந்தது. காந்தம் ஒட்டினால் அது உருக்கு. ஒட்டாவிட்டால் நிறத்தைப் பார்க்க வேண்டும். தூய செப்பு சிவந்து மின்னும், கலப்புலோகம் சிறிது வெளிறி, பழைய ஐந்து சதக் காசை நினைவூட்டும் மங்கலுடன் இருக்கும். கையால் வளைத்தாலும் வேறுபாடு தெரியும். கலப்புலோகம் செப்பைவிட விறைப்பு, உருக்கைவிட இளக்கம். 90 வீதம் செப்பும் 10 வீதம் நிக்கலும் சேர்ந்த இந்த உலோகத்தை வொல்வோ நிறுவனம் 1970களிலேயே தன் கார்களின் பிறேக் பைப்புக்குப் பாவிக்கத் தொடங்கியது. உப்பு நீர் இதைத் தின்பதில்லை. கப்பல்களில் கடல்நீர்க் குழாய்களுக்கும் இதே கலவையைத்தான் பாவிக்கிறார்கள். பண்ணைப் பாலத்தை நாள்தோறும் கடக்கிற எனக்கு இதைவிடப் பெரிய சிபாரிசு வேண்டியிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கேட்ட நான்கு கடைகளிலும் இல்லை. 25 அடிச் சுருள் ஒன்றைக் கொழும்பிலிருந்தே தருவித்தேன். ஒரு காரின் எல்லாப் பைப்புகளுக்கும் அது போதாது. பின் அச்சுக்கும், அங்கே போகும் நீண்ட பைப்புக்கும் போதும்.

நட்டு என்ற சிறு பொருளில்தான் பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஜப்பானிய வாகனங்களில் வருவது 10 மில்லிமீற்றர் விட்டமும், புரிக்கு 1 மில்லிமீற்றர் இடைவெளியும் கொண்ட நட்டு. பிரித்தானிய, அமெரிக்க வாகனங்களில் வருவது 3/8 அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 24 புரிகளும் கொண்டது. 3/8 அங்குலம் என்றால் 9.5 மில்லிமீற்றர், புரி இடைவெளி 1.06 மில்லிமீற்றர். கையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றே. சிறிய நட்டைப் பெரிய துளைக்குள் விட்டால் அது சுற்றிக்கொண்டு உள்ளே போய், கடைசியில் இறுகுவது போலவும் தோன்றும். உண்மையில் புரிகளின் நுனி மட்டுமே பற்றியிருக்கும், ஒரு கடுமையான மிதியில் அது கழன்றுவிடலாம். இரண்டு வகையும் ஒரே ரின்னில் கலந்து கிடக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். பழைய நட்டுகள் துருவில்லாமல் இருந்தால் அவற்றையே கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து பாவிப்பது மேல். புதிதாக வாங்கினால், காரில் இருந்து கழற்றிய நட்டின் புரியோடு புரியை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது வேறு இனம்.

இந்த வேறுபாட்டை எனக்கு உணர்த்தியது அயலவரின் மொறிஸ் மைனர். ஓய்வுபெற்ற ஆசிரியரான அவர், தகப்பனார் விட்டுச் சென்ற அந்தக் காரில்தான் இன்றும் ஞாயிறு சந்தைக்குப் போகிறார். பிறேக் மிதியின் விசையை ஒயிலுக்குக் கொடுக்கும் அதன் மாஸ்டர் சிலிண்டர், சாரதியின் காலுக்குக் கீழே தளத்துக்கு அடியில் அமைந்திருக்கிறது. மழைநீரும் சேறும் நேரே அங்கேதான் போகும். பிறேக் ஒயில் ஓடுவது ஒரே சுற்றில் என்பதால், எங்கேயாவது ஒரு பைப் வெடித்தால் நான்கு சில்லுகளுக்கும் பிறேக் இல்லாமற்போகும். என்னுடைய வகனில் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனிச் சுற்றுகள் இருப்பதால் பாதியாவது மிஞ்சும். ஆகவே அவருடைய காரில் கை வைக்க நான் அதிகம் தயங்கினேன். பழைய பைப்பைக் கழற்றியபோது ஒரு முனை இரட்டை ஃபிளேராகவும் மறுமுனை குமிழாகவும் இருந்தது. இரட்டை ஃபிளேரின் முதற்படியோடு நிறுத்திவிட்டால் அதுவே குமிழ் முனை என்று சொல்வோர் உண்டு. பார்வைக்கு அப்படித்தான் தெரிகிறது. ஆனால் குமிழின் பின்புறம் நட்டின் முகத்தோடு சரியாக அமர வேண்டுமென்றால் அதற்கென வெட்டிய கட்டையே வேண்டும். அந்தக் கட்டை கொழும்பிலிருந்து வரும்வரை கார் மூன்று கிழமை முற்றத்தில் நின்றது. "ஐம்பது வருசம் ஓடின கார், மூண்டு கிழமை நிண்டால் ஒண்டும் வராது" என்று அவர் சொன்னாலும், ஒவ்வொரு மாலையும் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பொதி வந்துவிட்டதா என்று கேட்கத் தவறவில்லை.

பைப்பின் நீளத்தை அளக்க நூல் உதவாது. கட்டுக்கம்பியைப் பழைய பைப்பின் வழியே வளைத்து எடுத்து, பிறகு நிமிர்த்தி அளந்தால் சரியாக வரும். வளைப்பதற்குச் சிறிய வளைகருவி ஒன்று இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பிளக் சொக்கற்றைச் சுற்றி மெதுவாக வளைக்கலாம். வேலை முடிந்த பைப்பைப் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவும் பழக்கம் எங்களிடம் உண்டு. அது கூடவே கூடாது. பிறேக் ஒயில் என்று நாங்கள் சொன்னாலும் அது எண்ணெய் அல்ல, கிளைக்கோல் வகைத் திரவம். பெற்றோலியம் சிறிதளவு கலந்தாலும் சிலிண்டருக்குள் இருக்கும் இறப்பர் சீல்கள் ஊதிப் பெருத்துவிடும். காற்றை ஊதி, புதிய பிறேக் ஒயிலைக் கொஞ்சம் உள்ளே விட்டு வெளியேற்றுவதே போதும்.

பூட்டும்போது நட்டை முதல் சில சுற்றுகள் விரலாலேயே திருப்ப வேண்டும். ஸ்பனரை அப்போதே எடுத்தால் புரி குறுக்கே ஏறிவிடும். இறுக்குவதற்குச் சாதாரண ஸ்பனர் ஆகாது. நட்டின் முனைகளை மழுக்கிவிடும். பைப் நுழைய இடம் விட்டு, நட்டைச் சுற்றிப் பிடிக்கும் 10 மில்லிமீற்றர் பைப் ஸ்பனர் ஒன்றைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். டொயோட்டாவின் கையேடுகளில் இந்த நட்டுகளுக்குக் குறிக்கப்படும் இறுக்கம் 15 நியூற்றன் மீற்றர். சாதாரண ஸ்பனரைக் கையின் முழுப் பலத்தோடு இழுத்தால் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு எளிதில் வந்துவிடும், மடிப்பு நசுங்கிவிடும். கசிந்தால் இன்னும் இறுக்கு என்பது எங்கள் கராச்சுகளின் பொதுவான மருந்து. ஒருமுறை தளர்த்தி மறுபடி இறுக்கியும் கசிகிறதென்றால், வாய் பிழை. வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக விரிப்பதுதான் வழி.

பைப்புகளுக்குள் புகுந்திருந்த காற்றை வெளியேற்றிய பின், ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைக் கடதாசியால் சுற்றி வைத்து, இயந்திரத்தை ஓடவிட்டு, மகனைப் பிறேக்கில் ஒரு நிமிடம் முழுப் பலத்தோடு மிதித்திருக்கச் சொன்னேன். கடதாசியில் ஒரு புள்ளி ஈரம் தெரிந்தாலும் காரை நகர்த்துவதில்லை என்பது எங்கள் இருவருக்குமிடையிலான உடன்படிக்கை. முதல் நாள் எங்கள் ஒழுங்கைக்குள் மட்டும். இரண்டாம் நாள் பண்ணை வரை. அதன் பின்னரே பாலத்தைக் கடந்தேன். ஒன்றரை ஆண்டில், இரண்டு சோளகங்களுக்குப் பின்பும், நான்கு பைப்புகளின் எட்டு முனைகளும் உலர்ந்தே இருக்கின்றன. பைப்பின் நிறம் மட்டும் கறுத்திருக்கிறது.

ஆகவே வாங்குவோருக்கு: உருக்குப் பைப் பாவிக்க நினைப்பவர் மலிவான சட்டக் கருவியைத் தொடவே வேண்டாம். செப்பு-நிக்கல் பைப்பில் ஒரேயொரு பைப் செய்ய வேண்டியவருக்கு அது, மேலே சொன்ன சீர்திருத்தங்களோடு, ஒருவாறு போதும். ஆனால் அதற்குள் இருக்கும் வெட்டிக்கு மாற்றாக நல்ல வெட்டி ஒன்றுக்கும், முறியப்போகும் அச்சுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் மலிவு அவ்வளவு மலிவாக இராது. வைஸில் பூட்டும் கருவியை நான் தயக்கமின்றிச் சிபாரிசு செய்கிறேன். தனியொருவருக்கு அதன் விலை அதிகம், பழைய கார் வைத்திருக்கும் மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்கினால் நியாயம். வைஸும் நல்ல வெளிச்சமும் இல்லாதவரும், பயிற்சிக்கென்று இரண்டு மீற்றர் பைப்பை வெட்டி எறிய மனமில்லாதவரும் இரண்டையும் விட்டுவிட்டு, இரட்டை ஃபிளேர் போடத் தெரிந்த திருத்தகத்தைத் தேடுவது நல்லது. அங்கே போனதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையல்ல, எந்தப் பைப்பைப் போடப் போகிறார்கள் என்பது.

என்னுடைய கருவி இப்போது என்னிடம் இல்லை. ஆசிரியரின் மைத்துனர், சுண்ணாகத்தில் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஒன்றைத் திருத்திக்கொண்டிருக்கிறார். அவர் கொண்டுபோய் ஐந்து கிழமை ஆகிறது. கட்டைகளை எண்ணெய் தடவி வைக்கும்படி இரண்டு முறை தொலைபேசியில் சொல்லிவிட்டேன்.